பொருளடைவு

புத்தகத்தை நான் பின்னாலிருந்து படிக்கிறவள்.
பிர்னோ நகரில், ட்ராம் திரும்பும் முனையில்
மூன்றே அறை எங்கள் பதிப்பகம்.
கீழே பேக்கரி.
நாங்கள் போட்ட கணினிப் புத்தகம் எதை விரித்தாலும்
கசகசா ரொட்டி மணக்கும்.

கடைசிப் பன்னிரண்டு பக்கம் என்னுடையது.
எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று
அகர வரிசையில் அடுக்குவேன்.
ஒருமுறை தூக்கக் கலக்கத்தில்
"இன்ஹெரிட்டன்ஸ்: 88, 90–97. மேலும் பார்க்க: வழக்கு" என்று
போட்டுவிட்டேன்.
இரண்டாயிரம் பிரதி. ஒருவரும் கேட்கவில்லை.

மற்ற ஆசிரியர்கள் எல்லாரும்
விலங்கு என்றொரு கிளாஸ் எழுதி
அதிலிருந்து நாயைப் பிறப்பிப்பார்கள், பூனையைப் பிறப்பிப்பார்கள்.
நாய் குரைக்கும். அத்தியாயம் முடியும்.
ஓத்தகர் ஸ்லேசினா மட்டும்
சி பிளஸ் பிளஸில் ஒரு வீடு கட்டினார்.

முதல் பதிப்பு, தொண்ணூற்றிரண்டு.
வீட்டுக்குள் இரண்டு சாவி, இரண்டு நாற்காலி,
ஒரு பியானோ.
பியானோவுக்குத் தெரிந்த வேலை ஒன்றே: வாசி().
எல்லாம் பிரைவேட். வெளியாள் தொட முடியாது.
ஆனால் அந்த மொழியின் இலக்கணத்தில் ஒரு சொல் உண்டு,
பூட்டியதையெல்லாம் திறக்க விடும் சொல்:
ஃபிரெண்ட்.
அதற்குப் பக்கத்தில் ஒரு பெயர், ஸ்வதாவா.
அவள் பெயரையும் அடைவில் சேர்த்தேன்.
"ஸ்வதாவா: 131."

இரண்டாம் பதிப்பு, தொண்ணூற்றைந்து.
ஒரு சாவி.
ஃபிரெண்ட் வரியைக் காணோம்.
வாசி() அப்படியே இருந்தது,
அழைக்கத்தான் ஆளில்லை.
இதற்கெல்லாம் கம்பைலர் எச்சரிக்கை தருவதில்லை.

ஒஸ்திராவாவிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது.
மாணவன், குட்டி எழுத்து, கோபமான பேனா:
"131ஆம் பக்கம். உருவாக்கிய பியானோவை
ஆசிரியர் எங்குமே டிலீட் செய்யவில்லை.
நிரல் ஓட ஓட நினைவகம் கசிகிறது.
இதுகூடத் தெரியாதா?"

ஓத்தகருக்குத் தொலைபேசினேன்.
தெரியும் என்றார்.
அடுத்த அச்சில் என்ன செய்யட்டும் என்றேன்.
நெடுநேரம் கம்பிக்குள் இரைச்சல் மட்டும்.
"விட்டுவிடுங்கள்" என்றார்.

பிழையையா,
பியானோவையா?
கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

எங்கள் முதலாளி த்ராகோமிருக்கு இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது.
தப்பு தப்புதான்; விலை நூற்றெண்பது குரோனா
கொடுத்து வாங்குகிறவனுக்குச் சரியான நிரல் வேண்டாமா?
ட்ராம் டிக்கெட் அகலத்தில் திருத்தச் சீட்டு அடித்தோம்:
"வரி 9-க்குப் பின் சேர்க்க: டிலீட் பியானோ;"
பேக்கரிப் பெண்ணும் நானும்
ஆயிரத்து நானூறு பிரதிக்குள் செருகினோம்.
ஆயிரத்து நானூறு முறை
அந்தப் பியானோவைத் தூக்கி வெளியே வைத்தோம்.
ஓத்தகருக்கு அனுப்பிய பிரதியில் மட்டும்
என் கை செருகவில்லை.

அப்புறம் ஜாவா வந்தது.
அதில் டிலீட் என்ற பேச்சே கிடையாது.
யாரும் தேடாத பொருளை
ராத்திரியில் குப்பைக்காரன் மாதிரி ஒருவன் வந்து
தானே வாரிக்கொண்டு போய்விடுவான்.
யார் கையிலும் ரத்தமில்லை.
மூன்றாம் பதிப்பு ஜாவாவில் வேண்டும் என்றார் த்ராகோமிர்.
ஓத்தகர் பத்தே நாளில் எழுதி அனுப்பினார்.
சுத்தமான கைப்பிரதி. ஒரு பிழை இல்லை.

131ஆம் பக்கத்தைப் புரட்டினேன்.
விலங்கு. விலங்கிலிருந்து நாய்.
குரை().

நன்றாக விற்றது. மூன்று முறை மறு அச்சு.
முன்னுரையில் எனக்கு நன்றிகூட இருக்கிறது,
பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.

பழைய அடைவிலிருந்து இல்லாததையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தவள்
இரண்டு வரியை மட்டும் அடிக்கவில்லை.
"பியானோ: பார்க்க, வீடு."
"வீடு: பார்க்க, பியானோ."
பக்க எண் கிடையாது.
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
இரண்டு பொருள், வெளியிலிருந்து வழியில்லாமல்.
என் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

ஒஸ்திராவாவிலிருந்து
இன்னும் அட்டை வரவில்லை.